தெற்குத் தோட்டத்துப் பழம்

ராயப்பன்பட்டி
3.8.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பொருளியல் ஆய்வுக்கு நேரடித் தகவல் வேண்டும், அதுவும் ஊர்க்காரர் கையெழுத்திலேயே வேண்டும் என்று உன் பேராசிரியர் கேட்பதாகச் சொன்னாய். பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதப் போகிறேன்.

நீ விட்டுப்போன நுண்பொருளியல் புத்தகத்தில் தேவைக் கோடு வரை வந்துவிட்டேன். அதில் எல்லாவற்றுக்கும் ஆப்பிளைத்தான் உதாரணம் சொல்கிறார்கள். பன்னீர் திராட்சையைச் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும்.

நம் தெருவில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிற எல்லாரிடமும் விசாரித்தேன். "பதினோராம் வகுப்புல இதெல்லாமா ஆத்தா பாடம்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி மாமா அமாவாசை கழித்து வெட்டுவாராம். அதற்கு மேல் கொடியில் பழம் நிற்காதாம். நம் வடக்குத் தோட்டம் தயார். பதினைந்தாம் தேதி மாதா திருநாள் வந்துவிட்டால் வெட்ட ஆள் வராது. அதனால் அதற்கு முன் என்ன விலை வந்தாலும் கொடுத்துவிடுவது என்று அப்பா அடுப்படியில் அம்மாவிடம் சொன்னார். தெற்குத் தோட்டம் அடுத்த மாதம்தான்.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் நீ வந்தாலும் வருவாய் என்று அப்பா வாசல் விளக்கை அணைக்க விடுவதில்லை. நேற்றும் விடியும் வரை எரிந்தது.

உன் தங்கை
அனிதா மேரி


மதுரை
7.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கூட்டாளி சுரேஷ்கண்ணன் அசந்துபோனான். இந்த ஆய்வை நானும் அவனும் சேர்ந்துதான் செய்கிறோம். ரொம்ப நல்ல பையன். அவன் பைக்கில்தான் கல்லூரிக்குப் போகிறேன். போன வாரம் எனக்கு ஒரு போன்கூட வாங்கிக்கொடுத்தான்.

சந்தையில் யாருக்கு அவசரம் என்று தெரிந்துவிட்டால் பாதி விலை அங்கேயே முடிந்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். நீ எழுதியது அத்தனையும் அதற்கு உதவும். இன்னும் எழுது. யார் யார் எந்த வியாபாரியிடம் பேசியிருக்கிறார்கள், யார் பழத்தில் என்ன குறை, எல்லாமே வேண்டும். அப்பாவிடம் சொல்லாதே. தெரிந்துவிட்டால் ஆட்கள் மாற்றிப் பேசுவார்கள், ஆய்வு கெட்டுவிடும்.

அன்பு அண்ணன்
ஜஸ்டின்


ராயப்பன்பட்டி
17.8.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

திருநாள் நல்லபடியாக நடந்தது. வீட்டில்தான் யார் முகமும் சரியில்லை.

கம்பத்து வியாபாரி விஜயபாண்டி எப்போதும் இரண்டு மூன்று தடவை வந்து பேசித்தானே விலை முடிப்பார்? இந்தத் தடவை பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஆளையே காணோம். பிறகு வந்தார். பழத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"நாளக்கழிச்சுத் திருநாளு. அதுக்கப்புறம் யாரை வச்சு வெட்டுவ அருளப்பா? நான் சொல்றதுதான் விலை."

அப்பா சரி என்றார். போன தடவை விலையில் பாதிதான் இருக்கும்.

விஜயபாண்டியின் வண்டி முதலில் தங்கப்பாண்டி மாமா வீட்டில்தான் நின்றது என்று அப்பாவுக்கு மாமா மேல் சந்தேகம். தெருவிலேயே கேட்டுவிட்டார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் பழத்தைக் காட்டிக்குடுத்து எனக்கென்னப்பா லாபம்? நான் என்ன திராட்சை எட்டாத நரியா?" என்றார். மாமா வீட்டு ஜோதிலட்சுமி அத்தை இப்போது நமக்கு மோர் கொடுத்துவிடுவதில்லை.

எனக்கும் மாமா மேல் சந்தேகம் வந்தது. ஆனால் ஒன்று இடிக்கிறது. மாமாவிடமும் அந்த வியாபாரி, "அமாவாசை முடியட்டும், வாரேன். அதுக்கு மேல ஒங் கொடி தாங்காதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொருவரும் தன் லாபத்தைத்தான் பார்ப்பார்கள் என்று உன் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் மாமா தன்னைத் தானே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

உன் தங்கை
அனிதா மேரி


மதுரை
22.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தகத்தில் இருக்கிறபடியே மனிதர்கள் நடப்பதில்லை. தங்கப்பாண்டி மாமாவேதான். அவர் மாட்டுத் தொழுவம் நம் அடுப்படிச் சுவரை ஒட்டித்தானே இருக்கிறது? அங்கே நின்றால் எல்லாம் காதில் விழும். நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தெற்குத் தோட்டம் பற்றி எழுது. எப்போது வெட்டு, அப்பா எதுவரை இறங்குவார்? சீக்கிரம் வேண்டும். அடுத்த பருவத்தில் பேரியல் பொருளாதாரம். அது தனித்தனி வீட்டைப் பார்க்காது, எல்லா வீட்டையும் சேர்த்துப் பார்க்கும். உனக்குப் பிடிக்கும்.

ஜஸ்டின்


ராயப்பன்பட்டி
31.8.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தெற்குத் தோட்டத்தில் பழத்துக்குச் சாம்பல் நோய் விழுந்துவிட்டது. வெளியே தெரிவதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறார் அப்பா. இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அனிதா


ராயப்பன்பட்டி
13.9.2025, சனி

அண்ணனுக்கு,

இனி உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கேட்டு எழுதுகிறேன். எல்லாம் உண்மையாக எழுதுவேன் என்று ஆரம்பித்தேன், அதை முடிக்க வேண்டும்.

போன கடிதத்தில் எழுதியது பொய். நான் உனக்கு எழுதிய ஒரே பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு வரும்போதே விஜயபாண்டியின் வண்டி தெற்குத் தோட்டத்தில் நின்றது.

"என்ன அருளப்பா, பழமெல்லாம் சாம்பலாமே?"

"சாம்பலா? எங்கன?" அப்பா நிஜமாகவே பயந்துபோய் அவரைப் பந்தலுக்குள் கூட்டிப்போனார். பழம் அத்தனையும் கருகருவென்று சுத்தமாக இருந்தது. ஒரு மூலை விடாமல் பார்த்த விஜயபாண்டி வெளியே வந்து போனை எடுத்தார். நான் பந்தல்கல்லுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏலே சுரேஷு, அந்தப் பிள்ளை லெட்டர்ல என்னத்தைலே படிச்ச?"

"யாருப்பா சுரேஷு?" என்று பிறகு அப்பாவிடம் கேட்டேன். "அவரு அக்கா மகன் சுரேஷ்கண்ணன். மதுரையில படிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகத் தங்கப்பாண்டி மாமா வீட்டுக்குப் போனார். "தப்பு என் வீட்டுலதான் தங்கப்பாண்டி" என்று, நீ தொழுவத்தைக் காட்டி எழுதியது வரை எல்லாவற்றையும் சொன்னார்.

மாமாவின் பழமும் அமாவாசை முடிந்து அடிமாட்டு விலைக்குத்தான் போயிருந்தது. ஆனாலும் மாமா, "வேவு பாக்க என் மாட்டுத் தொழுவம்தானாப்பா கெடச்சுச்சு? உக்காரு, மோர் குடி" என்றார். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் குமுளி வியாபாரியைக் கூட்டிவந்தார்கள். தெற்குத் தோட்டம் நல்ல விலைக்குப் போனது.

ஆனால் தெருவில் நான் நோட்டோடு நடந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

உனக்குத் தெரியாமல் அந்தப் பையன் படித்துச் சொல்லியிருப்பான் என்று அம்மா சொல்கிறார். நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன். ஆனால் தொழுவத்தை எனக்கு நினைவுபடுத்தியது நீ. உன் கடிதம் வந்த அன்றே அங்கே போய் நின்றேன். அம்மா அடுப்படியில் சத்தமாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சுவரின் கனம் உனக்குத் தெரியும், அப்பா அதைக் கட்டும்போது செங்கல் எடுத்துக் கொடுத்தவன் நீதானே.

எல்லா வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற பாடம் வருகிறது என்றாயே, அதில் நம் வீட்டையும் சேர்த்துப் படி. உன் புத்தகத்தை உன் டிரங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். எனக்கு வேறு வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இன்று சனிக்கிழமை. கடைசி பஸ் இன்னும் வரவில்லை. வாசல் விளக்கை அப்பா அணைத்துவிட்டார்.

அனிதா மேரி