கொலைகாரனுக்கு நம்ம பேச்சு

ஜூன் 10, செவ்வாய்

பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இன்றுதான் லேப்டாப்பைத் திறந்தேன். நான் தமிழ் வசனம் எழுதும் குதிரைப் படம் பாதியில் நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு காய்ந்த ஊர். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொன்றது யார் என்று கடைசியில்தான் தெரியும். தமிழில் இது தியேட்டருக்கு வராது, நேரே வீட்டுக்குத்தான். வளைகுடா, மலேசியாக் கடைகளுக்கு டிஸ்க்காகப் போகும். இங்கே போனில் பார்க்கலாம்.

கொலைகாரன் சவப்பெட்டி செய்யும் தச்சன். யாரும் சந்தேகப்பட முடியாத சாது. செத்தவன் வீட்டுக்குப் பெட்டிக்கு அளவெடுக்கப் போவான், அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வான். அந்த ஆறுதலில்தான் படமே இருக்கிறது. தமிழில் அது கெட்டுவிடக் கூடாதே என்று ஒரே ஒரு வரியோடு மதியம் வரை மல்லுக்கட்டினேன். திரையில் அவன் உதடு மூடும் இடத்தில் நம் சொல்லிலும் உதடு மூட வேண்டும். இல்லையென்றால் பொம்மை பேசுகிற மாதிரி இருக்கும்.

இத்தனை படத்துக்கு வசனம் எழுதியும் ஒன்றில்கூட 'அஸீலா' என்று என் பேர் வந்ததில்லை. இதில் போடுவதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது. உம்மா அதற்குள் மேலப்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "நம்ம தெருவுல யாரு பேரு சினிமாவுல வந்திருக்கு?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்கிறாள். எனக்கும் ஆசைதான். இல்லை என்று இங்கே எதற்குப் பொய் எழுத வேண்டும்?

ஜூன் 19, வியாழன்

கிருபைராஜ் போன் செய்தார். சென்னையில் குரல் பதிவை நடத்துகிறவர், எனக்கு வேலை கொடுக்கிறவர்.

"மேடம், எல்லாம் சூப்பரா இருக்கு. ஒரே ஒரு சேஞ்ச். அந்தத் தச்சனுக்கு மட்டும் திருநெல்வேலி ஸ்லாங் போட்டுருங்க. ஷெரீஃப், பாதிரியார் எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே நல்ல தமிழ் பேசட்டும்."

ஏன் என்று கேட்டேன்.

"கொலைகாரன் இல்லையா மேடம். அப்பதான் வெயிட்டா இருக்கும்."

யாரிடம் சொல்கிறார்? திருநெல்வேலிக்காரி என்னிடம். அவன் வாயைத் திறந்ததுமே இவன்தான் கொலைகாரன் என்று தெரிந்துவிடுமே, அப்புறம் எதற்குப் படம் என்றேன். தெரிந்தால் தெரியட்டுமாம். சனங்களுக்கு அதுதான் பிடிக்குமாம்.

ஜூன் 20, வெள்ளி

எத்தனை வருஷமாக இது? சினிமாவில் எங்கள் பேச்சைப் பேசுகிறவன் ஒன்று வெட்டுவான், இல்லை வெட்டுப்படுவான். ஏன், இங்கன யாரும் பிள்ளைக்குச் சோறு ஊட்டலையா? பல்வலின்னு டாக்டர்ட்ட போகலையா? எல்லாரும் அருவாளத் தூக்கிட்டுத்தான் அலையுதோமா?

என் வீட்டுக்காரர் ரசீதிடம் புலம்பினேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று சிரித்தார். "கிருபைராஜா? வள்ளியூர்க்காரம்லா அவன். எங்கூடதான காலேஜ்ல படிச்சான். மெட்ராஸுக்குப் போன புதுசுல இவன் பேச்சக் கேட்டு அங்க உள்ள பயலுவ சிரிச்சானுவளாம். அதோட மாத்திட்டான்."

எங்கள் ஜில்லா வள்ளியூர்! தன் வாயிலிருந்து துப்பியதை எடுத்துக் கொலைகாரன் வாயில் வைக்கச் சொல்கிறார். சீ.

ஜூன் 24, செவ்வாய்

நான் இழுத்தடிக்கிறேன் என்று அவரே மாதிரிக்குச் சில வரிகள் எழுதி அனுப்பியிருக்கிறார். "ஏலே, எவம்லே அது, எடுலே அருவாள." அந்தப் படத்தில் அருவாளே கிடையாது. தச்சன் விஷம் வைத்துத்தான் கொல்கிறான்.

இதையாவது பொறுக்கலாம். புருஷனைப் பறிகொடுத்து அழுகிறவளைப் பார்த்துத் தச்சன், "ஏலே, அழாதலே" என்கிறான். ஆம்பளைகளைக் கூப்பிடுகிற 'ஏலே'யை ஒரு பொம்பளையைப் பார்த்து! வள்ளியூரில் பிறந்த மனுஷன் எழுதியது இது.

ஜூன் 25, புதன்

காதில் அந்த 'அழாதலே'தான் ஓடுகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

நான் மாட்டேன் என்றால் அந்தக் குப்பைதான் போகும். அதனால் நானே எழுதினேன். எங்கள் பேச்சுதான் வேண்டுமா, சரி, உண்மையான பேச்சைத் தருகிறேன்.

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு மவுத், சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே உட்கார்ந்து, வெளியே ஆண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒருவர்கூடக் கத்தவில்லை. எல்லோரும் பைய, அடிக்குரலில் பேசினார்கள். என் தச்சனும் அப்படியே பேசுகிறான். "அழுதுருங்க தாயி, அடக்காதீங்க. பொறவு ஒரு வாய் காப்பியாவது குடிங்க."

அவன் ஏன் கொன்றான் என்று சொல்கிற இடத்துக்குத்தான் இரண்டு நாள் ஆனது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஓடைத் தண்ணீரை மேலேயே மறித்துவிட்டார்கள். தச்சனுடைய அண்ணன் வயல் காய்ந்தது. அண்ணன் செத்தான். "எங்கண்ணன் தண்ணிதான்யா கேட்டான். அவனுக்குப் பெட்டி செய்யச் சொல்லி எங்கிட்டயே பலகைய அனுப்புனாவ. நான் என்ன செய்ய?" எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன். இத்தனை எரிச்சலிலும் அவனை எழுதும்போது மட்டும் மனம் நன்றாக இருந்தது.

கிருபைராஜிடமிருந்து ஒரே சொல் பதில்: "ஓகே."

ஜூலை 22, செவ்வாய்

டிஸ்க்கின் அட்டைப்படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

நான் வைத்த தலைப்பைத் தூக்கிவிட்டார்கள். புதுத் தலைப்பு 'சவப்பெட்டி சண்டியர்'. படத்தில் சவப்பெட்டிக்காரன் ஒருத்தன்தான். ஆக, கொலைகாரன் யார் என்று கடையில் காசு கொடுக்கும்போதே தெரிந்துவிடும். முன்னால் தச்சனின் முகம், கண்ணில் சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். தலையில் அமெரிக்கத் தொப்பி. கையில் — அல்லாஹ்வே — அருவாள்! எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதுகூட ஒழுங்கில்லை, அவனுக்கு ஆறு விரல்.

அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: தமிழ் வசனம் அஸீலா.

சாக்கடையில் விழுந்து கிடக்கிற மாதிரி இருந்தது. உடனே போன் செய்து என் பேரை எடுக்கச் சொன்னேன். அட்டையிலும் வேண்டாம், படத்திலும் வேண்டாம்.

"அட்டை என் கையில இல்ல மேடம். அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. எடுத்துருங்க."

"நீங்க எழுதினது நல்லாருக்கு மேடம்" என்றார். இதை இப்போது சொல்லி என்ன? வைத்துவிட்டேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தச்சனுக்குக் குரல் கொடுக்க யாரும் சரியாக அமையவில்லையாம். வந்தவர்கள் எல்லாரும் கத்துகிறார்களாம். கிருபைராஜ் தகவல் அனுப்பியிருக்கிறார். கத்தட்டும். எனக்கென்ன வந்தது? பதில் போடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

டிஸ்க் தபாலில் வந்தது. ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன். உம்மா பிரித்தே விட்டாள். அட்டையில் என் பேரை எடுத்திருந்தார்கள். அட்டையைப் பார்த்து, "இது யாருளா, காட்டுமிராண்டி மாதிரி?" என்றாள். அவள் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, கேட்கிற பழைய பிளேயர் இருக்கிறது. ரசீத் அதை டிவியோடு இணைத்தார். மூவரும் உட்கார்ந்தோம்.

பேர்கள் ஓடின. வசனம் என்ற இடமே இல்லாமல் படம் தொடங்கிவிட்டது. உம்மா என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

ஷெரீஃப் பேசினார், பாதிரியார் பேசினார். நான் எழுதியதுதான், அவர்கள் வாயில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் தச்சன் வந்தான். "அழுதுருங்க தாயி, அடக்காதீங்க." கத்தவில்லை. மவுத் வீட்டில் கேட்ட அதே அடிக்குரல்.

ரசீத் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏளா, இது கிருபைராஜ்லா பேசுதான்!"

அவரேதான். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த பேச்சு, ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. அண்ணனைப் பற்றிச் சொல்கிற இடத்தில் அந்தக் குரல் உடைந்தது. அது நடிப்பு மாதிரித் தெரியவில்லை. மாதக்கணக்காகக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அட்டையைப் பார்த்தால் இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

உம்மா தலையில் போட்டிருந்த தட்டத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொன்னது தப்புதான். இருந்தாலும் அந்த ஊர்ல அவன் ஒருத்தம்தானே மனுசன் மாதிரி பேசுதான்" என்றாள். தண்ணீர் மறித்த கதையை மறுபடியும் போடச் சொன்னாள். அவனைத் தூக்கில் ஏற்றுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடவும் சொன்னாள். நிறுத்தினேன்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உன்னோடத எடுக்கலையா? வேற யாரையும் வச்சு எழுதிட்டாவளா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "வருத்தப்படாதளா. எழுதுன பிள்ள நல்லாத்தான் எழுதியிருக்கு. அது நல்லாருக்கட்டும்."

"நாந்தாம் உம்மா எழுதுனேன்" என்றேன்.

"சரிளா, சரி" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பேர் வராத வருத்தத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.