பெடல்களைக் கழற்றிவிட்டார்கள், அண்ணா

என் ஆசை அண்ணனுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பெரியப்பா பார்த்தால் கிழித்துப்போடுவார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

உன் பெடல் ஸ்டீல் கிட்டாரின் பெடல்களைக் கழற்றிவிட்டார்கள்.

உன் வருஷப் படையலுக்கு அதை உன் படத்துக்கு முன்னால் வைக்கப்போகிறார்களாம். "சாமி மாதிரி வைக்கிற பொருளு. காலால மிதிக்கிற சாமான் இன்னாத்துக்கு அதுல?" என்று பெரியப்பாவே ஸ்பேனர் எடுத்தார். பெடல்களையும் அவற்றை மேலே இணைக்கும் கம்பிகளையும் பரண்மேல் போட்டார். மேஜை மாதிரி நாலு காலில், அடியில் முட்டியால் தள்ளும் பிடிகள் மட்டும் தொங்க நிற்கும் வெறும் கிட்டாருக்குச் சந்தனப் பொட்டு. தந்திகள் மேலெல்லாம் குங்குமம்.

"பெரியப்பா, அண்ணன் காலாலதான் வாசிச்சிச்சு," என்றேன்.

"வாயாடாத. வயசுக்கு வந்த பொண்ணு வாத்தியத்த மிதிச்சிக்கினு, முட்டியால இடிச்சிக்கினு... ஊரே சிரிக்கும்டி."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "உடுடி. பெரியவரு சொன்னா கேளு."

ஊர் எப்போதுதான் சிரிக்கவில்லை? நீ வேலை பார்த்த கடற்கரை ஓட்டலில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனதை மினி வேனில் நம் பாகூருக்கு ஏற்றி வந்தாயே, அன்று, "இன்னாடா, தையல் மிஷினா?" என்று கேட்டார்கள். நம் தெருவில் பெண்கள் தையல் மிஷின் மிதிக்கலாம். பாட்டு மட்டும் மிதிக்கக் கூடாதா?

வீடியோ பார்த்து இரண்டு பேரும் சேர்ந்துதானே கற்றோம்? நீ உட்கார்ந்து வாசிப்பாய், நான் அடியில் படுத்து உன் காலைப் பார்ப்பேன். நீ தொடை பலத்தில் மிதிப்பாய், கிட்டாரே ஆடும்.

"குதிகால தரையில வைண்ணா! கணுக்கால மட்டும் சாய்!"

"பேசுறது ஈஸிடி. நீ வந்து மிதி பாக்கலாம்."

மிதித்தேன். இடது பாதத்தால் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தி, கணுக்காலை மெல்லச் சாய்த்து ஒன்றை மட்டும் விட்டேன். ஒரு சுரம் வழுக்கி இறங்க, இன்னொன்று அப்படியே நின்றது. நீ வாயைப் பிளந்தாய்.

வலது காலுக்கான சத்தப் பெடலை நீ கால் வைக்கிற பலகை என்றே நினைத்து அமுக்கி வைத்திருந்தாய். தந்தியைத் தட்டி, சத்தம் தேயத் தேயத்தான் அழுத்த வேண்டும் என்று பிறகு புரிந்தது. அழுகிற பிள்ளை மூச்சை இழுப்பது போல அது நீண்டது.

அந்த அழுகை முழுக்கக் காலில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு மாலை எதற்கு? மஞ்சள் காமாலையில் நீ போன அன்று, பெரியப்பா உன் காலைக் கட்டிக்கொண்டுதான் அழுதார். அந்தக் கால் பட்ட பெடல் மட்டும் எப்படி ஆகாததாயிற்று?

படையலன்று காலையில் அவர்கள் இலையும் பூவும் வாங்கப் போவார்கள். அப்போது பரணில் ஏறுவேன். எந்தக் கம்பி எதில் மாட்டும் என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். எல்லாரும் வந்து உன் படத்துக்கு முன்னால் நிற்கும்போது உட்காருவேன்.

அடி விழலாம். விழுந்தாலும் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்கமாட்டேன், சத்தியம். பெரியப்பாவுக்காக முதலில் பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

அப்புறம் மிதிப்பேன்.

உன் பெடலுக்கு அடியில் படுத்துக்கிடந்த
தங்கச்சி