ஞாயிறு பன்னிரண்டு மணிச் சட்டம்

திங்கள், 6 அக்டோபர்

சிரோக்கோ. தெற்கிலிருந்து அடிக்கும் சூட்டுக் காற்று. கடை வாசலில் மண், கருவாட்டுப் பெட்டிக்குள்ளும் மண். இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் மனம் விட்டுப்போயிற்று.

முதலில் பாவசங்கீர்த்தனம். சுவாமியிடம் சொல்ல வெட்கம், அதனால் இங்கே. போன கிழமை பிலோமினாக்கா கொண்டுவந்த கடிதத்தை அரசாங்கக் கடிதம் என்று வாசித்துக் கொடுத்துவிட்டேன். "பல்லைக் காட்ட வரச் சொல்லியிருக்கினம் அக்கா, பதினைஞ்சாம் திகதிக்கு முதல்." மனுசி மூன்று நாள் அழுதாள். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பல்லும் பார்க்கிறார்களா என்று கோவிலில் கண்டவரையெல்லாம் கேட்டாள். பிறகு பல்லை நன்றாக விளக்கிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் பல்வைத்தியர் ஒருவரின் விளம்பரம். நல்ல காலம், அங்கே ஒரு சூத்தைப் பல் அகப்பட்டது. என்னைத் திட்ட வந்தவள் ஒரு பெட்டி தொதல் பலகாரம் தந்துவிட்டுப் போனாள்.

காரணம் கண்ணாடி. வாங்கி எட்டு மாதம், மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஊராரின் கடிதம் வாசிக்கும் ஆள் கண்ணாடி போட்டால் ஊருக்குச் சந்தேகம் வரும். இருபத்திரண்டு வருடம் பலேர்மோவில். ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பெயர் மட்டும் "மாஸ்ரர்".

இன்று செய்தவை:
- பயறு மூட்டை பிரித்தது.
- சாமான் இறக்க வந்தவனுடன் சண்டை. தோல்வி.
- விளம்பரத் துண்டு ஒட்டியது, நாலு இடம். "இத்தாலியக் கடிதங்கள் வாசித்து விளக்கப்படும். பிழை வராது. அருளப்பு மாஸ்ரர், வுச்சீரியாச் சந்தை."

ஒட்டியது விடியப்புறம், ஆள் நடமாட முன்பு. சுவரில் ஒட்ட அனுமதி வேண்டுமாம். அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. அரை இருட்டு, கை போன இடத்தில் ஒட்டினேன். விரலெல்லாம் இன்னும் பசை.

புதன், 8

காற்று நின்றது. பெரிய நாள்.

பத்து மணிக்கு மத்தியாசு ஓடிவந்தான். மன்னார்ப் பெடியன், பெடியனுக்கு வயது நாற்பது. ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் நிலம் துடைக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடலுக்குப் போகிறான். மூன்று பேராகச் சேர்ந்து வாங்கிய பழைய வள்ளம் ஒன்று துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது.

"மாஸ்ரர், சந்திச் சுவரிலை புதுச் சட்டம் ஒட்டிக் கிடக்கு. வள்ளம் எண்டும் இருக்கு, கடை எண்டும் இருக்கு. மிச்சம் விளங்கேல்லை. கெதியா வாங்கோ."

போனால் அங்கே ஏழெட்டுப் பேர். நடுவில் சிவராசா. அடுத்த ஒழுங்கையில் கடை, யாழ்ப்பாணத்தான், எட்டு வருடப் போட்டிக்காரன். என் மிளகாய்த் தூளில் செங்கல் என்று ஊரெல்லாம் சொன்னவன். அவன் அரிசியைக் கழுவினால் கல் மிஞ்சும் என்று சொன்னவன் நான்.

பெரிய தாள். மேலே கிரீடம் வைத்த முத்திரை. எங்கள் சனம் முத்திரை கண்டால் செருப்பைக் கழற்றும். ஒரு தாளால்தான் இங்கே இருக்கிறோம், ஒரு தாள் வந்தால் போக வேண்டும். தாளின் அடியில், சற்றுக் கோணலாக, என்னுடைய விளம்பரத் துண்டு. பெருமையாக இருந்தது. அரசாங்கமும் நானும் ஒரே தாளில்.

கையைக் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று வாசித்தேன். (கிட்டப் போனால் எழுத்துக் கலங்கும்.) சாரம்:

1. துறைமுகத்தை அண்டிய தெருக்களில் கடைகள் ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பூட்ட வேண்டும்.
2. தராசு வாசலுக்கு வெளியே வைக்கக் கூடாது.
3. சிறு வள்ளங்கள் முன்பக்கத்தில் விளக்குக் கட்ட வேண்டும். மூட்டமென்றால் பகலிலும்.
4. "வப்போரே" வந்தால் கொம்பு ஊதி ஒதுங்கி நிற்க வேண்டும்.

வப்போரே என்றால் நீராவிக் கப்பல். இங்கத்தைக் கிழவர்கள் நாப்போலி போகும் கப்பலை இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை.

"தண்டம் இருக்கோ?" என்றான் ஒருவன். "இருக்கு" என்றேன். பார்க்கவில்லை. தண்டம் இல்லாத சட்டம் எங்கே இருக்கிறது.

சிவராசா முகம் செத்துப்போயிற்று. கிழமை முழுவதும் விற்பது வெங்காயமும் தேங்காயும். பூசை முடிந்து சனம் வருவது ஞாயிறு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் எங்கள் இரண்டு கடையும் நிற்கின்றன.

"மாஸ்ரர், வடிவா வாசிச்சனீரோ?"

"ஏன், என்னை நம்பேல்லையோ?"

"உம்மை எப்ப நம்பினனான். உம்மடை இத்தாலியனைத்தான் நம்புறன்."

எட்டு வருடத்தில் அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

வெள்ளி, 10

வெயில். முதுகு வலி. மத்தியாசு பல்லாரோச் சந்தைப் பழஞ்சாமான் கடையில் அரிக்கன் லாம்பு வாங்கிவிட்டான். கொம்புக்கு, மகன் பந்தாட்டத்தில் ஊதும் கொம்பு, ரோஸும் கறுப்பும், பலேர்மோ அணியின் நிறம்.

கடைக்கு அறிவித்தல் எழுதினேன்: ஞாயிறு 12க்குப் பூட்டு. சிவ.வும் தனக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன், எழுத்துக் கொஞ்சம் சிறிதாக.

ஞாயிறு, 12

காலையில் தூறல், பிறகு மூட்டம். பூசை. பிரசங்கம் நீளம். மனைவி ரெஜினா இரண்டு தரம் முழங்கையால் இடித்தாள். குறட்டை இல்லை, மூச்சுத்தான்.

பன்னிரண்டுக்குப் பூட்டினேன். ஒருத்தி கதவில் தட்டினாள். "சட்டம்" என்றேன், கதவுக்குப் பின்னால் நின்று. சொல்லும்போது ஒரு சுகம்.

நடந்து வீடு, அல்பெர்கேரியாப் பக்கம். நண்டுக் கறி. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் எங்கள் சாப்பாட்டு மேசையை நான் கண்டதே இல்லை. பூப்போட்ட விரிப்பு.

"இது எப்ப வாங்கினது?"

"ஆறு வருசம்" என்றாள். "நண்டை உறிஞ்சுங்கோ, ஆறப்போகுது."

சாப்பிட்டு நித்திரை. ஜன்னலால் காற்று. சட்டம் போட்டவன் நல்லாயிருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

நாலு மணிக்கு மத்தியாசு. கையில் லாம்பு, கழுத்தில் கொம்பு. கதிரையில் இருக்கவில்லை.

"கப்பல் வந்தது, ஊதினன். சனமெல்லாம் மேலை நிண்டு கை காட்டுது. பிறகு காவல் படகு வந்து மறிச்சுப்போட்டான். பட்டப்பகலிலை என்ன விளக்கெண்டு கேட்டான். சட்டமெண்டு போனிலை படத்தைக் காட்டினன். அவன் மற்றவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சவங்கள், மாஸ்ரர்."

"ஏன்?"

"நூறு வருசத்துக்கு முந்தின பேப்பராம். அரசன் இருந்த காலமாம். லாம்போடை என்னைப் படமும் எடுத்தவங்கள்."

 இத்தாலியில் அரசன் இல்லை என்பது எனக்குத் தெரியாதா. குடியுரிமை எடுக்கப் போகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

"நான் சொல்லுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்றேன். தலையாட்டினான். நல்லவன். கொம்பை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கள், 13

மூட்டம். சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு தட்டு.)

சொன்னால்: மாஸ்ரர் பட்டம் போகும். பிலோமினாக்காவின் பல் கதையும் சேர்ந்து கிளம்பும். இனி ஒரு கடிதமும் வராது.

சொல்லாவிட்டால்: வாற ஞாயிறு சிவ. பன்னிரண்டுக்குப் பூட்டுவான். நான் தெரியாதவன் போலத் திறந்து வைக்கலாம். முழுச் சனமும் என்னிடம். இந்த எண்ணம் வந்தது காலை ஏழு மணிக்கு. பன்னிரண்டு வரை அதோடு சுகமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ரெஜினா முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள், நிறுத்தினாள்.

"அந்தாளுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"நாளைக்குப் போறன்."

"நாளைக்கு எண்டால் நாளைக்கு."

செவ்வாய், 14

போகவில்லை. கடையில் வேலை. (வேலை இல்லை.)

புதன், 15

போனேன். சிவராசா மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். தராசு உள்ளே, சட்டப்படி. அதைப் பார்த்ததும் பாதித் தைரியம் போயிற்று.

"அந்தப் பேப்பர் பழசாம், சிவராசா. நூறு வருசம். நான் பிழையா வாசிச்சுப்போட்டன்."

மிளகாயை நிறுத்து முடித்தான். தாளில் சரை கட்டினான். நூலைப் பல்லால் கடித்தான்.

"வேணுமெண்டு செய்தனீரோ?"

"இல்லை. நானும் பூட்டினனான்தானே. அந்தப் பேப்பரிலை பழசெண்டு ஒரு அடையாளமும் இல்லை. திகதி இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. ஆர் வாசிச்சாலும் பிழைச்சிருக்கும்."

"சத்தியமா?"

"அந்தோனியார் மேலை சத்தியம்."

"நான் சைவமப்பா."

"அப்ப நல்லூரான் மேலையும்."

 பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து எனக்கு இருக்கத் தந்தான். எட்டு வருடத்தில் முதல் தரம்.

"ஞாயிறு வீட்டை சாப்பிட்டனான், மாஸ்ரர். பிள்ளையள் மூண்டும் இருந்ததுகள். சின்னவள் கேட்டாள், அப்பா உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு." மூக்கை உறிஞ்சினான். மிளகாய்த் தூள் என்று வைத்துக்கொள்வோம். "பூட்டெண்டுதானே சட்டம், பிறகு திறக்கக் கூடாதெண்டு இல்லையே, பின்னேரம் மூண்டரைக்குத் திறந்தன். சனம் வந்ததுதான். வராமல் எங்கை போறது, நீரும் பூட்டு, நானும் பூட்டு."

எனக்கு அது தோன்றவே இல்லை. நித்திரையில் இருந்தேன்.

முடிவு: பேப்பர் பழசு என்று மூச்சு விடுவதில்லை. இரண்டு கடையும் ஞாயிறு பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை பூட்டு. ஆராவது கேட்டால் சட்டம். மத்தியாசுக்கு மட்டும் விளக்கிலிருந்து விடுதலை. போனில் சொன்னேன். கொம்பைத் திருப்பித் தரச் சொன்னான். கப்பல் சனம் கை காட்டுவது அவனுக்குப் பிடித்துவிட்டது.

ரெஜினா: "இப்ப பாருங்கோ, முகம் முகம் மாதிரி இருக்கு."

மூன்று தட்டு.

வியாழன், 16

பெரிய மழை. வுச்சீரியா ஒழுங்கைகளில் கணுக்கால் தண்ணீர். பத்து மணிக்கு வெளித்தது. சந்திச் சுவர்ப் பக்கம் போனேன், நம்முடைய சட்டத்தை இன்னொரு தரம் பார்க்க. கண்ணாடியோடு. ஒருவரும் இல்லை.

மழையில் ஊறி என் விளம்பரத் துண்டு மட்டும் கழன்று தொங்கிற்று. பிடித்து இழுத்தேன். அதற்குக் கீழே திகதி. திகதிக்குக் கீழே விரல் மொத்தத்தில் சிவப்பு எழுத்து: "கண்காட்சி. நூறு வருடத்துக்கு முந்தைய அறிவித்தலின் பிரதி. இதன் மேல் எதுவும் ஒட்ட வேண்டாம்."