டிஷ் திருப்பின மூணு நாள்

கள்ளக்குறிச்சி,
கார்த்திகை 18.

பாப்பா ஜெயசுதாவுக்கு அப்பா எழுதிக்கிறது. நீயும் உன் வூட்டுக்காரன் சுபாஷும் அந்த பூனாவுல சளி காய்ச்சல் ஒண்ணும் அண்டாம இருக்கணும்னு கும்பிட்டுக்கறேன். இங்க உங்கம்மா நல்லா இருக்கா, நான் எப்படி இருக்கிறேன்னு கீழ எழுதியிருக்கேன், படிச்சிக்கோ. ரெண்டு மாசமா நீ போன் பண்றப்பல்லாம் நான் போன உங்கம்மா கையில குடுத்துட்டு மாட்டாண்ட போயிடறேன்னு உனக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினு ரயில் ஏறிட்டீங்கன்னு சேதி வந்த அன்னிக்கி, இனிமே உன்கூட போன்ல பேசமாட்டேன்னு உங்கம்மா தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டேன். லெட்டரு எழுதமாட்டேன்னு பண்ணல, அந்த நேரத்துல தோணல. அஞ்சாவதோட நின்னவன் எழுத்து, கோணலா இருந்தா நீ தலைய சாச்சிக்கினு படி.

ஊர்ல மழை ஜாஸ்தி. மரவள்ளிக் கொல்லையில தண்ணி நின்னு கெழங்கு அழுகிடுமோன்னு பயந்தேன், வாய்க்கா வெட்டி உட்டதுல தப்பிச்சிது. செவலை மாடு கெடேரி கண்ணு போட்டிருக்கு, நெத்தியில வெள்ளை. உங்கம்மா அதுக்கு உன் பேர வச்சிட்டா. நான் கூப்புட்டா திரும்பிக்கூட பாக்கல, பேருப் பொருத்தம் அப்படி. உங்கம்மாவுக்கு முட்டி வலி விடல, ஆனா பக்கத்துல பாப்பாத்தி வூட்டுக்கு டிவி பாக்கப் போறதுன்னா மட்டும் அந்த முட்டி வலிக்கிறது இல்ல. நம்ம வூட்ல அவ்ளோ பெரிய டிவி இருக்க அங்க இன்னாத்துக்குப் போறான்னு கேப்ப, அதச் சொல்லத்தான் இந்த லெட்டரே.

போன பங்குனியில அந்த டிவி வாங்கினோமே, அதுலதான் ஆரம்பம். பழைய டப்பா டிவி வேணாம், செவுத்துல மாட்டற மாதிரி பெருசா வேணும்னு நீதான் ஒத்தக் காலுல நின்ன. மாட்டிப் பாத்தா பழைய சேனலுங்க வந்துது, புதுசா உட்ட சேனலு ஒண்ணும் வரல. வெள்ளிமலையில டிஷ் மாட்டற பையன் ஒருத்தன் இருக்கான், கெட்டிக்காரன்னு சொல்லி நம்பர் குடுத்ததும் நீதான். அவன் பைக்குல மலை எறங்கி வந்து, மாடியில இருந்த டிஷ்ச ஒரு பார்வை பாத்துட்டு, இது பழைய காலத்துது, இப்ப வர்ற புது மாதிரி படத்த இது புடிக்காது, டிஷ்சையே மாத்தணும்னு சொன்னான். எட்டு வருசமா எந்தக் காத்துக்கும் அசையாத டிஷ்ச என் கையாலயே கழட்டி, கோழிக் கூண்டு மேல கவுத்துக்கோன்னு பாப்பாத்திக்குக் குடுத்தேன். புது டிஷ்சோட ஒரு புது பாக்ஸும் மாட்டினான், அது இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, அது சும்மா கூட வர்றதுன்னான்.

அப்புறம் அந்த மூணு நாள். எல்லா ஊர்லயும் மெக்கானிக்கு மேல ஏறி டிஷ்ச திருப்புவான், வூட்டுக்காரன் கீழ டிவி முன்னால நின்னுக்கினு வந்துது போச்சின்னு கத்துவான். உன் சுபாஷு தலைகீழா ஏற்பாடு பண்ணான். இந்த புது மாதிரிக்கு கீழ உக்காந்து டிவியில சிக்னல் கோடு எவ்ளோ ஏறுதுன்னு பாக்கணும், அது எனக்குத்தான் தெரியும், நீங்க மேல போயி திருப்புங்கன்னான். நடுவுல வாசப்படியில நின்னு நீ சேதி சொன்ன. கொஞ்சம் கெழக்கால, இல்லப்பா ஜாஸ்தி போயிட்ட, தெக்கால ஒரு நூலுன்னு. பங்குனி வெயில்ல தளம் காலைச் சுடுது, நான் நூலு நூலா திருப்பிக்கினு நிக்கறேன். வந்துட்டுதான்னு கேட்டா வரலன்னு நீ சொல்லுவ, உள்ளேர்ந்து அவனும் வரலன்னு சொல்லுவான். ரெண்டு பேரு குரலும் ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ கிட்டக்க கேக்குதேன்னு எனக்குப் புத்தி போகல. உங்க கைதான் மாமா நெலையா நிக்குதுன்னு அவன் சொன்னதுல உச்சி குளுந்து போயிட்டேன். மொத நாள் அண்ணேன்னு கூப்புட்டவன் மூணாம் நாள் மாமான்னான், அப்பவாவது நான் உஷாரு ஆகியிருக்கணும். அன்னிக்கி சாயங்காலம் படம் வந்துட்டுதுன்னு சொன்னீங்க. என் கையால நிறுத்தின டிஷ்ஷுன்னு டீக்கடையில ஒரு மாசம் பீத்திக்கினு திரிஞ்சேன்.

போன வாரம் பாப்பாத்தி மருமவன் தமிழ்வேந்தன் வந்தான், டவுன்ல டிவி கடையில வேலை செய்யறவன். மாமியாளுக்கு டிவி மாட்டித் தரேன்னு கோழிக் கூண்டு மேல இருந்த நம்ம பழைய டிஷ்ச எடுத்து, பீய கழுவி, ஒரு கம்பியில நிறுத்தினான். இது புடிக்காது தம்பி, நானே மூணு நாள் பட்டேன்னு பெரிய மனுசனா போயி சொன்னேன். அவன் சிரிச்சிட்டு புதுசா ஒரு பாக்ஸ் மட்டும் சொருகினான். கால் மணி நேரம் ஆகல, படம் கண்ணாடி மாதிரி வந்து நிக்குது, புது சேனலு அத்தினியும். டிஷ்ஷு வெறும் தட்டுதான் மாமா, மேலேர்ந்து வர்றத வாங்கி உள்ள அனுப்பும், பழசா புதுசான்னு அதுக்குத் தெரியாது, புரிஞ்சி படமாக்கறது பாக்ஸ், அத மாத்தினா போதும்னான். பசும்பாலா எருமப்பாலான்னு சொம்புக்கா தெரியும், சரிதான். நான் நேரா வூட்டுக்கு வந்து உங்கம்மாவாண்ட கேட்டேன். அவ மல்லாட்டை உரிச்சிக்கினே சொல்றா, மொத நாளே பத்து நிமிசத்துல படம் வந்துட்டுதாம். சத்தத்த கம்மி பண்ணி வச்சிக்கினு மூணு நாளும் சீரியல் பாத்தாளாம். நான் திருப்பி படம் போறப்பல்லாம், கெழக்கால தெக்காலன்னு சொல்லி மறுபடி வர வச்சிக்குவீங்களாம். சுபாஷ் நல்ல பையன், ரெண்டு பேரும் பேசிப் பழகட்டும்னு உட்டாளாம்.

பாப்பா, அவன் யாரு, இன்னா ஆளுங்கன்னு ஊரு கேக்குது, நான் கேக்கல. நல்லா சம்பாதிக்கிறான், உன்ன நல்லா வச்சிருக்கான்னு உங்கம்மா சொல்றா, இருக்கட்டும். ஆனா ஒரு வூட்ல இருக்கிற மூணு பேருல ரெண்டு பேரு, வெளியாளு ஒருத்தன சேத்துக்கினு, மூணாவது ஆள வெயில்ல நிக்க வச்சீங்களே, அத நெனச்சாத்தான் எனக்கு சோறு எறங்கல. இவன் சிரிச்சிக்கினே திரியறவன், இவனுக்கு இன்னா வலிக்கும்னு நெனச்சீங்களா. என்னாண்ட நேரா சொல்லியிருந்தா ஒரு வாரம் கத்தியிருப்பேன், தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பேன், எட்டாம் நாளு வெள்ளிமலைக்கு ஜீப்பு ஏறி அவங்க வூட்டப் பாக்கப் போயிருப்பேன். அந்தக் கத்தற ஒரு வாரத்தக்கூட எனக்குக் குடுக்காம எடுத்துக்கினு போயிட்டீங்க. உனக்குத் தாலி கட்டறத பாக்கறதுக்கு நான் மாடியிலகூட நிக்கல.

செவ்வாக்கெழம அடிச்ச காத்துல அந்த புது டிஷ்ஷு திரும்பிக்கிச்சி, டிவியில ஒண்ணும் தெரியல. அதான் உங்கம்மா பாப்பாத்தி வூட்டுக்கு ஓடறா. தமிழ்வேந்தன் சரி பண்றேன்னு வந்தான், நான் கை வைக்க உடல. பொங்கலுக்கு நீ வா, உன் சுபாஷையும் இட்டுக்கினு வா. மாப்பிள்ளை விருந்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அவன் மெக்கானிக்கா வரட்டும். அவன் மாடிக்கு ஏறட்டும், நீ வாசப்படியில நில்லு, நான் டிவி முன்னால நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். படம் வந்தாலும் வரலன்னுதான் சொல்லுவேன், நீயும் அதையேதான் மேல சொல்லணும். எவ்ளோ நேரம்னு என்னக் கேக்காதே, என் மனசு ஆறின அப்புறம் நானே வந்துட்டுதுன்னு சொல்றேன்.

ராவுல தயிர் சேத்துக்காதே, உனக்கு ஒத்துக்காது. ரயிலுக்கு இப்பவே டிக்கெட்டு போட்டுடுங்க, பொங்கல் கிட்டக்க வந்தா கெடைக்காது. ரெண்டு பேரும் ஒத்துமையா, நூறு வருசம் புள்ள குட்டியோட நல்லா இருங்க. அவன மறக்காம தலைக்கி ஒரு துண்டு எடுத்தாரச் சொல்லு, நம்ம மாடி வெயிலு தையிலயும் பொல்லாதது.

இப்படிக்கு,
இன்னும் கீழ எறங்காத உன் அப்பன்,
அய்யனார்.