முறை சொல்லித் திறந்த சிறைவாயில்

நலம் பெருகுக! மழை பிழையாத நீலவரை நாடாளும் பூழிநங்கை தேவியார் திருவுளப்படி, திசையெல்லாம் கலம் செலுத்தும் ஐம்பொழில் வணிகர் குழுவின் தலைவர் பெருஞ்சாத்தனார் காண்க. உம் குடியும் குழுவும், கலமும் சரக்கும் குறைவற வாழ்க.

கோட்டைச் சிறையை உம் குழுவுக்குக் குத்தகை விட்டது தகுமா என்று அவையில் நடந்த வாதம் நீர் அறிந்ததே. கூரை ஒழுகவில்லை, கூழில் கல் இல்லை, அரசு நடத்திய நாளில் இந்தச் சீர் ஏது என்று ஒரு சாரார் மார்தட்டினர். உள்ளிருக்கும் தலைக்குத் தலை நெல் பெறுகிறவர் ஒரு தலையையாவது மனமுவந்து வெளியே விடுவாரா என்று மறுசாரார் மல்லுக்கு நின்றனர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதே மிச்சம்! சிறையை எட்டிப் பார்த்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஆகவே தேவியார் குடையும் பரிவாரமும் விடுத்து, ஓலை எழுதும் இவனை மட்டும் உடன்கொண்டு நேரே வந்தார்.

கூரை ஒழுகவில்லை என்பது மெய்யே; அந்தப் பாராட்டு உமக்கு உரியது. ஆனால் அழிசி என்னும் உப்பு வண்டிக்காரன், சுங்கச் சாவடியை உடைத்ததற்கான தண்டனை போன மாரியிலேயே தீர்ந்தும் உள்ளேயே இருக்கத் தேவியார் கண்டார். தண்டனை தீர்ந்தவரை உறவினர் வாயிலில் நின்று உறவுமுறை சொல்லி அழைத்தாலே கதவு திறப்பது நம் நாட்டு வழக்கம். அங்கே சொன்ன முறை சாகும்வரை செல்லும். அழைக்க ஆளற்றவரை அரசுச் சிறைத்தலைவர் மகனே என்றழைத்து விடுவிப்பார். குத்தகை ஓலையில் சுவரும் சாவியும் காவலும் உமக்கு எழுதித் தரப்பட்டன. அந்த அழைப்பை எழுத அவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்ன அறிவோ! உம் காவலரும் ஓலையில் இல்லாததைச் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டனர். அழிசியின் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், வேறு நாதியில்லை. பிறருக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அவனும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கதவோரம் உட்காருவானாம். பிறகு அவிழ்த்துவிடுவானாம்.

இதைத் தேவியார் கேட்டார். உடன்பிறந்தார் அனைவரையும் போரில் இழந்து, அத்தனை பெரிய அரண்மனையில் தனியே உண்டு தனியே உறங்குபவர் அவர். தாம் உள்ளே இருந்தால் அழைக்க யார் வருவார் என்றெண்ணி மனம் நொந்தார். பின் வாயிலுக்கு வந்து, தம்பி அழிசி, வெளியே வா என்று உரக்க அழைத்தார்.

வேறு யாரையோ என்றெண்ணி அவன் எழவில்லை. மறுபடி அழைத்ததும் தட்டுத் தடுமாறி வந்தான். குடையின்றி நின்றவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் கேட்டது, கேட்டபடியே எழுதப்படுகிறது: அக்கா, சாப்பிட்டியா? சமைத்துப் போடவும் நஞ்சு சோதிக்கவும் அரண்மனையில் ஆளுண்டு. இதைக் கேட்கத்தான் ஆளில்லை. தேவியார் வாய்விட்டு அழுதார்.

ஆகையால் கட்டளை. குத்தகை இன்றோடு முறிந்தது. சாவிகளை அரசுச் சிறைத்தலைவரிடம் ஒப்படைப்பீராக. உறவற்று உள்ளிருப்போர் அனைவரையும் அழைக்கத் தேவியார் நாளைக் காலை வருகிறார். தடை சொல்ல எவரும் வாயிலில் நிற்க வேண்டாம். இவ்வோலை உம் கண்ணில் பட்டதே கட்டளை செவியில் விழுந்ததாகக் கொள்க.

நாவாய் பொறித்த அரச முத்திரை தேவியார் தம் கையால் இட்டது.
எழுதியவன், திருவோலைக் காரி நம்பி.
சாட்சிக்குக் கீறலிட்டவன், அழிசி, தேவியாருக்குத் தம்பி.