முறத்தில் இருந்த கிழங்கு

அக்டோபர் 5, திங்கள்

காலை முழுவதும் மழை. பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பிரிக்பீல்ட்ஸ் சாலையில் கணுக்கால் வரை தண்ணீர். ஐரிஸ் பூப்பாத்தி ஒரே சேறு. இலைகள் அடியில் பழுத்து, தொட்டால் கையோடு வருகின்றன.

துரை பங்களாத் தோட்டக்காரர் கொடுத்த கிழங்குகள். மலையில் ஊதாவாய்ப் பூத்தவையாம். இந்த வெக்கையில் பூக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார். "பூத்தா சொல்லி அனுப்புங்கம்மா. கிழங்கை மட்டும் வாயில வெச்சுடாதீங்க, வயித்தைப் பொரட்டிடும்."

எல்லாவற்றையும் தோண்டினேன். அழுகலை வெட்டி, சாம்பல் பூசி, முறத்தில் பரப்பி, அடுப்படிச் சன்னலில் உலர வைத்தேன். தேறியது ஒன்பது.

ரோஜா: மஞ்சளில் மூன்று மொட்டு. சிவப்பில் இலையெல்லாம் கரும்புள்ளி. பன்னீர் ரோஜா சுகம்.

இவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று: "கிராணிக்குச் சோறு உண்டா, இல்ல செடிங்களுக்கு மட்டும்தானா?" சேற்றுக் கையோடு சிரித்தேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

நல்ல வெயில். மஞ்சள் மொட்டில் பேன். புகையிலை ஊறவைத்த தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாய்த் துடைத்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். நடுவில் வேலி ஒன்றுதான். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. தீட்டு கழியட்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவள் மாமியார் என் வயிற்றைப் பார்க்கிற பார்வை போதும்.

சாயங்காலம் மருத்துவச்சி முனியம்மா வேலியோரம் வந்தார். சளி பிடித்து ஓயாத தும்மல். செல்லம்மாவின் கஷாயத்துக்கு இஞ்சி வேண்டுமாம். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நாளை: பாசாரில் உப்பு, சாம்பிராணி. கந்தல் துணி தேட.

அக்டோபர் 7, புதன்

விடியும் முன்பே பக்கத்து வீட்டில் ஓலம். செல்லம்மாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து வாந்தி, பேதி. வாயெல்லாம் எரிகிறதாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சைக்கிளில் வந்து போனார். "அந்த முனியம்மா என்னத்தையோ கலந்து குடுத்துட்டா!" மாமியாரின் குரல் தெருக்கோடி வரை.

பள்ளிக்கூடம் முடிந்து வந்தேன். ரசத்துக்கு இஞ்சி எடுக்கப் போனேன். சன்னலில் இஞ்சிச் சட்டி வைத்தபடியே, மேல் மண் கலையாமல். பக்கத்தில் முறம்.

எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "சன்னல்ல இருக்கு, எடுத்துக்குங்க." அவ்வளவுதான் நான் சொன்னது. மொட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கடைத்த பெண்ணுக்கு வாசனை எப்படித் தெரியும்? சாம்பல் பூசிய கிழங்கு பார்வைக்கு இஞ்சிதான். மிளகோடும் பூண்டோடும் சேர்த்து இடித்திருப்பார்.

இவரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பிள்ளை இல்லாதவ, பிள்ளை பெத்தவளுக்கு விஷம் வெச்சான்னுதான் பேசுவாங்க. நீ வேற என்ன சொன்னாலும் எவன் காதுலயும் ஏறாது. உன் வேலையும் போயிடும்."

மீதி ஆறையும் குளியலறைக்குப் பின்னால் அவரே புதைத்தார்.

டிரஸ்ஸருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தானே சரியான மருந்து. இது புரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். செல்லம்மா முனகுவது இங்கே கேட்கிறது.

அக்டோபர் 8, வியாழன்

தூக்கமில்லை. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தன.

திரும்பி வந்தால் செல்லம்மா வீட்டு வாசலில் கூட்டம். முனியம்மாவின் பையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல், நூல், எண்ணெய்க் குப்பி. எதிரில் செல்லம்மாவின் புருஷன் குப்புசாமி. எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர்; வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு நட. அங்க வந்து சொல்லு, என்ன கலந்தேன்னு."

"இந்த லைன் வீடுங்கள்ல பாதிப் பிள்ளைங்க என் கையில பொறந்ததுங்க. நானா வெப்பேன்? யாராச்சும் சொல்லுங்களேன்லா!"

யாரும் சொல்லவில்லை. எல்லோரும் முனியம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளை பெற்றவர்கள்.

கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன். முதலில் டிரஸ்ஸரிடம் சொன்னேன். கையில் விளக்கெண்ணெய்க் கரண்டியோடு இருந்தார்.

"எவ்வளவு போயிருக்கும்?"

"மூணு துண்டு. விரல் நீளம் இருக்கும்."

கரண்டியைக் கீழே வைத்தார். "கெட்ட சாப்பாடுன்னு நினைச்சு நேத்துலருந்து பேதிக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன். நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா, டீச்சர்?"

வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் சன்னல், என் கிழங்கு, நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாமியார் கத்திய வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. குப்புசாமி கத்தவில்லை.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். முனியம்மா ஒவ்வொரு பொருளாய்ப் பொறுக்கிப் பையில் போட்டார். குனிந்து நானும் நூலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, வெள்ளி

செல்லம்மாவுக்குக் கஞ்சித்தண்ணீர் வயிற்றில் நின்றதாம். எதிர்வீட்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

இவர் சாப்பிடாமல் ஆபீஸ் போனார்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு: "பேச்சு பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருச்சு, டீச்சர். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்களேன்." எடுக்க மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

முனியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தார். "நீங்க பார்த்துச் சொல்லியிருக்கணும். நானும் பார்த்து எடுத்திருக்கணும். போங்கம்மா." கதவு மூடிக்கொண்டது.

மஞ்சள் ரோஜா விரிந்துவிட்டது. உள்ளங்கை அகலம். பக்கத்தில் போகவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

மூடாப்பு. மழை இல்லை. ஐரிஸ் பாத்தியை மண்வெட்டியால் சமன் செய்துகொண்டிருந்தேன்.

"அக்கா."

வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மா. தோளில் பிள்ளை. முகம் பாதியாய் இளைத்து, உதடெல்லாம் தோலுரிந்து.

"அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க. ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாதீங்க."

"கேளு."

"புதன்கிழமை ராத்திரி நான் கத்தினது உங்க வீட்டுக்குக் கேட்டுச்சா?"

வேண்டுமென்று கொடுத்தாயா என்று கேட்பாள் என நினைத்திருந்தேன். அதற்குத்தான் பதில் வைத்திருந்தேன்.

"கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டே படுத்திருந்தீங்களா?"

"தூங்கல. ஆனா வரல. பயந்துட்டேன்."

அழுதாள். சத்தமில்லாமல், பிள்ளையின் முதுகைத் தட்டியபடியே. நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கால்கள் தள்ளாடின.

"நிக்க முடியல, அக்கா. இவனைக் கொஞ்சம் புடிங்க."

வேலிக்கு மேலாக நீட்டினாள். கைமண்ணைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினேன். நினைத்ததைவிடக் கனம். உச்சந்தலையில் எண்ணெய் வாசம். கண் திறக்காமலே என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டான்.

செல்லம்மா அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் அவள் மாமியார் திரும்பினார். கையில் பூசைத் தட்டு. எங்களைப் பார்த்ததும் நின்றார். பிறகு வேகமாக நடந்து வந்தார். நான் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தேன்.

செல்லம்மா கை நீட்டவில்லை.

"அவங்க வரட்டும். நீங்க புடிச்சுக்குங்க."