எந்த முப்பிடாதி?

அன்புள்ள அத்தானுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். வீட்டுப் பத்திரப்பதிவு இன்று நின்றுபோக இருந்தது. பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிந்தது.

வீட்டை விற்க வந்த முப்பிடாதி அண்ணாச்சி, தன் பெயரில் தாத்தா சுடலைமுத்து வாங்கிவைத்த வீடு என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்? மூலப்பத்திரத்தை வாசித்தால், "சுடலைமுத்து மகள் முப்பிடாதி" என்றிருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்க எப்பம் மகளா இருந்திய?" என்று கேட்டுவிட்டேன். பத்திரம் எழுதுபவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அது கயத்தாற்றில் இருக்கும் அவருடைய அத்தையாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற அதே முப்பிடாதி அம்மன் பெயர்தான் அவர்களுக்கும். தகவல் போனதும் பஸ் ஏறி வந்து, அண்ணாச்சி தலையில் ஒரு குட்டு வைத்தார்கள்.

"ஏலே, என் வீட்ட விக்கதுக்கு நீ யாரு?"

வீடு போயிற்று என்றே நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "மகள்னு வாசிச்ச இந்தப் புள்ளைக்கே குடுக்கேன்" என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நம் பத்திரத்தில் என் பெயரோடு "மனைவி" என்று சரியாக இருக்கிறதா எனத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

இனி பத்திரப்படியும்,
உங்கள் வீட்டுக்காரி